பொக்ரானில் மறைத்தது எதை?



கொஞ்சம் நீளமான பதிவு இது. காபி போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

மே மாதம் வந்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் பொக்ரான் பற்றிய ஃபார்வர்டுகள் வரிசை கட்டி நிற்கும். மே 11 தேசியத் தொழில்நுட்ப தினம். 1998-ல் ராஜஸ்தான் பாலைவனத்தில் நாம் அணுகுண்டுச் சோதனை செய்த நாள். "அமெரிக்க சாட்டிலைட்டின் கண்ணில் மண்ணைத் தூவினோம்" என்ற வரி அத்தனை ஃபார்வர்டிலும் இருக்கும். வரி சரிதான். எப்படித் தூவினார்கள் என்பதை மட்டும் யாரும் விளக்குவதில்லை.

34 வருடம் வரலாறு நடத்தியவன் நான். பாடப்புத்தகத்தில் இந்தச் சோதனைக்கு இரண்டே வரிதான் இடம். ஆனால் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் வருடம் தவறாமல் எழுந்து நிற்பான். "சார், மேலேயிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு வெட்டவெளியில எப்படி சார் மறைக்க முடியும்?" என்று கேட்பான். அருமையான கேள்வி. மணி அடித்துவிடும், பதில் பாதியில் நிற்கும். இன்று மணி அடிக்க யாரும் இல்லை, முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் குடும்பக் குழுவில் போன மாதம் நடந்த ஒரு சின்ன மனஸ்தாபம் அது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் 1974. மே 18. பொக்ரானில் இந்தியாவின் முதல் அணுச் சோதனை நடந்தது. இந்திரா காந்தி பிரதமர், ராஜா ராமண்ணா தலைமையில் விஞ்ஞானிகள். விஷயம் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. உலகமே வியப்பில் ஆழ்ந்தது, அமெரிக்க உளவுத்துறையும் முன்கூட்டிக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு முறை ஏமாந்தவன் இரண்டாவது முறை சும்மா இருப்பானா? அதன்பிறகு பொக்ரான் பகுதி அவர்களுடைய உளவு செயற்கைக்கோள்களின் பார்வையிலேயே இருந்தது.

அடுத்தது 1995. இந்த அத்தியாயத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். நரசிம்ம ராவ் பிரதமர். அணுச் சோதனைகளுக்கு முழுத் தடை விதிக்கும் ஒப்பந்தம் ஒன்று உலக அளவில் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குள் இன்னொரு சோதனை நடத்திவிட வேண்டும் என்று பொக்ரானில் வேலைகள் ஆரம்பமாயின. டிசம்பர் 15 அன்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. இந்தியா சோதனைக்குத் தயாராகிறதோ என்று அமெரிக்க அதிகாரிகள் சந்தேகிக்கிறார்கள், செயற்கைக்கோள் படங்கள் அப்படிக் காட்டுகின்றன என்று. டெல்லியில் இருந்த அமெரிக்கத் தூதர் ஃபிராங்க் விஸ்னர் செயற்கைக்கோள் படத்தையே எடுத்துவந்து நம் மூத்த அதிகாரியிடம் காட்டினார். நம் அரசு மறுத்தது. ஆனால் சோதனை நடக்கவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 1995-ல் ரகசியத்தை யாராவது விற்றார்களா? இல்லை. பூட்டிய அலமாரியிலிருந்து கோப்பு திருடு போனதா? அதுவும் இல்லை. பாலைவனத்தில் வழக்கத்துக்கு மாறாக ஆள் நடமாட்டமும் வேலையும் தெரிந்தன. அவ்வளவுதான். மேலேயிருந்து பார்த்தவன் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிக்கொண்டான்.

உளவு செயற்கைக்கோள் என்றதும் நம் ஆட்கள் மாடியில் நின்று தெருவைப் பார்க்கும் பாட்டியைப் போல நினைத்துக்கொள்கிறார்கள், எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று. அப்படி இல்லை. படம் எடுக்கும் செயற்கைக்கோள் பூமியைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் இடத்துக்கு மேலே வரும், சில நிமிடங்களில் கடந்துவிடும், மறுபடி வரப் பல மணி நேரம் ஆகும். அதன் பாதை கணக்குக்கு உட்பட்டது. கணக்குத் தெரிந்தவன் அது எப்போது தலைக்கு மேல் வரும் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். எடுத்த படத்தை யாரோ ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் பொக்ரானில் "குண்டு" என்று எழுதிய பெட்டியைத் தேடுவதில்லை. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கிறார். நேற்று இங்கே நின்ற புல்டோசர் இன்று அங்கே நிற்கிறதே, ஏன்? நேற்று இல்லாத வண்டித் தடம் இன்று எப்படி வந்தது? அவர் வேட்டையாடுவது மாற்றத்தை.

1995-ல் விஸ்னர் படத்தைக் காட்டியதில் அமெரிக்காவுக்கு அன்று வெற்றி. ஆனால் எதைப் பார்த்து எங்களைக் கண்டுபிடித்தாய் என்ற கேள்விக்கு அதிலேயே ஒரு பதில் இருந்தது. நம் ஆட்கள் அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தார்கள்.

இப்போது 1998-க்கு வருவோம். மார்ச் 19-ம் தேதி வாஜ்பாய் பதவியேற்றார். அடுத்த சில வாரங்களில் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. அன்று அப்துல் கலாம் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர், டி.ஆர்.டி.ஓ.வின் தலைவர். அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஆர். சிதம்பரம். ராமேஸ்வரத்துக் கலாமைத் தெரியாதவர் இல்லை. சிதம்பரத்தைப் பலருக்குத் தெரியாது. சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1974 சோதனையிலும் பங்கெடுத்தவர். 2025 ஜனவரியில்தான் காலமானார்.

பொக்ரானில் தரைவேலை பார்த்தது ராணுவத்தின் 58-வது எஞ்சினியர் ரெஜிமென்ட். அவர்கள் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முக்கியமான வேலைகளை இரவில் செய்தார்கள். விடிவதற்குள் கனரக வண்டிகளையும் இயந்திரங்களையும் கொண்டுபோய், முந்தின நாள் நின்ற அதே இடத்தில் நிறுத்தினார்கள். படம் பார்ப்பவனுக்கு அந்த வண்டி நகரவே இல்லை என்று தோன்றும். தோண்டிய மணலைக் கண்ட இடத்தில் கொட்டவில்லை. காற்று அடிக்கும் திசைக்கு மணல்மேடு இயற்கையாக எப்படி அமையுமோ அந்த வடிவத்திலேயே குவித்தார்கள். குழிகளுக்குப் போகும் கேபிள்களை மணல் போட்டு மூடி, அங்கே வளரும் புதர்ச்செடிகளை மேலே வைத்தார்கள். தார்ப் பாலைவனத்துக் கோடை, நாற்பது டிகிரிக்கு மேல் கொளுத்தும் வெயில். ராத்திரி முழுக்க மண் வெட்டி, விடியற்காலையில் களைத்த உடம்போடு எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிற சிப்பாயை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒருநாள் "பரவாயில்லை, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ஒருவன் வண்டியை நடுவில் நிறுத்திவிட்டுப் போயிருந்தால், 1995 திரும்பி வந்திருக்கும்.

விஞ்ஞானிகளும் அப்படித்தான். கூட்டமாக ஒரே விமானத்தில் போகவில்லை. சிறு சிறு குழுக்களாக, வேறு பெயர்களில், சுற்றுவழியில் போனார்கள். அங்கே போனதும் ராணுவச் சீருடை. கலாமுக்கு மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் என்று பெயர், சிதம்பரத்துக்கு மேஜர் ஜெனரல் நடராஜ். இது வேடிக்கைக்காகச் செய்ததல்ல. ராணுவப் பயிற்சி நிலத்தில் ராணுவ அதிகாரி நடமாடினால் அது வழக்கம். அணுசக்தித் துறையின் தலைவர் வேட்டி சட்டையிலோ பேண்ட் சட்டையிலோ நடமாடினால் அது செய்தி.

குழிகளுக்கும் பெயர் வைத்தார்கள். ஒன்று ஒயிட் ஹவுஸ், இன்னொன்று தாஜ்மகால், மற்றொன்று கும்பகர்ணன். தொலைபேசியில் யாராவது ஒட்டுக்கேட்டாலும் தாஜ்மகாலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பான்.

டெல்லியில் விஷயம் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏப்ரல் மாதம் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் பில் ரிச்சர்ட்சன் டெல்லிக்கு வந்து நம் தலைவர்களைச் சந்தித்துப் பேசிவிட்டுப் போனார். அவருக்கு ஒரு சிறு வாசனைகூட எட்டவில்லை.

மே 11, மாலை 3 மணி 45 நிமிடம். மூன்று குண்டுகள் நிலத்துக்கு அடியில் வெடித்தன. அன்று மாலை வாஜ்பாய் தன் வீட்டுப் புல்வெளியில் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து சில வரிகளில் அறிவித்தார். உலகத்தின் மிகப் பெரிய உளவுத்துறைக்கும் அந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் தெரியவந்தது. மே 13 அன்று இன்னும் இரண்டு சோதனைகள்.

வாஷிங்டனில் பெரிய ரகளை. செனட்டின் உளவுத்துறைக் குழுத் தலைவர் ரிச்சர்டு ஷெல்பி, இது உளவுத்துறையின் மாபெரும் தோல்வி என்றார். சி.ஐ.ஏ. தலைவர் ஜார்ஜ் டெனட், ஓய்வுபெற்ற அட்மிரல் டேவிட் ஜெரெமையாவை விசாரிக்கச் சொன்னார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இந்தியர்களும் நம்மைப் போலத்தான் யோசிப்பார்கள் என்று நம் ஆட்கள் நினைத்துவிட்டார்கள் என்பதே அது.

ஏன் அப்படிச் சொன்னார் தெரியுமா? ஆளுங்கட்சி தன் தேர்தல் அறிக்கையிலேயே அணு ஆயுதம் பற்றிய கொள்கையை மறுபரிசீலனை செய்வோம், அணு ஆயுதத்தைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்துவோம் என்று அச்சடித்து விநியோகித்திருந்தது! எண்ணம் ஊருக்கே தெரிந்த ரகசியம். மறைத்தது எதை? எந்த நாள், எந்த நேரம், வேலை எந்த அளவுக்கு முடிந்திருக்கிறது. இந்த மூன்றைத்தான். எல்லாவற்றையும் மறைக்க நினைத்தவன் எதையும் மறைக்க முடியாது. எது வெளியே போனால் காரியம் கெடும் என்று தெரிந்து அதை மட்டும் காப்பாற்றுகிறவன் ஜெயிப்பான்.

இந்த வித்தைக்கு ராணுவத்தில் ஒரு பெயர் உண்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் ஆப்செக் என்பார்கள், நாம் செயல்பாட்டுப் பாதுகாப்பு என்று சொல்லலாம். அது பிறந்த கதை வியட்நாம் போரில் இருக்கிறது. 1966-ல் அமெரிக்காவுக்கு ஒரு தலைவலி. குண்டுவீச்சு விமானங்கள் போகின்றன, ஆனால் எதிரி முன்கூட்டியே உஷாராகிவிடுகிறான். ஒற்றன் யார் என்று தேடினார்கள். பசிபிக் படைத் தலைமைத் தளபதி அட்மிரல் ஷார்ப்பின் கட்டளைப்படி ஒரு குழு அமைந்தது. அதற்கு ஊதா டிராகன் என்று பெயர். அந்தக் குழு ஒற்றனைத் தேடுவதை விட்டுவிட்டு வேறொன்று செய்தது. எதிரியின் நாற்காலியில் உட்கார்ந்து தன் படையையே வேடிக்கை பார்த்தது.

பார்த்தால், பி-52 விமானங்கள் குவாம் தீவிலிருந்து கிளம்பும் முன், வானத்தில் மற்ற விமானங்களோடு மோதிக்கொள்ளாமல் இருக்க, சிவில் விமானப் போக்குவரத்து அலுவலகங்களுக்குத் தகவல் போகிறது. இந்த நேரத்தில், இந்த உயரத்தில், இந்த வழியை எங்களுக்கு ஒதுக்குங்கள் என்று. நல்ல நோக்கத்தில், விதிமுறைப்படி நடந்த வேலை. அந்தத் தகவல் பல நாடுகளின் அலுவலகங்கள் வழியாகப் போனது. அதோடு குவாம் தீவுக்கு வெளியே கடலில் மீன்பிடிக் கப்பல் போல ஒரு சோவியத் கப்பல் நின்று, விமானங்கள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒற்றன் வேறு எதற்கு? தினமும் ஒரே மாதிரி நடக்கிற வேலையே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. செயல்பாட்டுப் பாதுகாப்பு என்ற சொல்லை உருவாக்கியதும் அந்தக் குழுதான். எது முக்கியத் தகவல், யார் அதைத் தேடுகிறார்கள், எந்த ஓட்டை வழியாகப் போகும், போனால் எவ்வளவு நஷ்டம், அடைக்க என்ன வழி என்ற ஐந்து கேள்விகளைத்தான் இன்றும் அதன் அடிப்படையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஊதா டிராகன் சொன்னதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே வருத்தமான சாட்சி இருக்கிறது. 2008 நவம்பர் 26, மும்பை. தாஜ் ஓட்டலிலும் ஒபராயிலும் நரிமன் ஹவுஸிலும் பயங்கரவாதிகள் உள்ளே. பாகிஸ்தானில் இருந்து அவர்களை இயக்கியவர்கள் கையில் தொலைபேசி, எதிரில் டி.வி. நம் சேனல்கள் கமாண்டோக்கள் எங்கே நிற்கிறார்கள், எப்படி இறங்குகிறார்கள் என்பதை நேரலையில் காட்டிக்கொண்டே இருந்தன. நரிமன் ஹவுஸ் மொட்டை மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து வீரர்கள் இறங்கியதை வீட்டில் உட்கார்ந்து நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாம் பார்த்ததை அவர்களும் பார்த்தார்கள். 2012-ல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-ல் விதி வந்தது. பயங்கரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை நடக்கும்போது நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் வெளியிடலாம் என்று. அந்தக் கேமராக்காரர்களில் ஒருவரும் தேசத்துரோகி இல்லை. அவரவர் தொழிலைத்தான் செய்தார்கள். குவாம் தீவு அலுவலர்களும் அப்படித்தானே?

சரி, இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். என்னிடம் படித்தவர்களிலும் பலர் சீருடையில் இருக்கிறீர்கள். நம் குடும்பத்திலும் என் அக்காள் பேரன் ஒருவன் இருக்கிறான். போன மாதம் லீவு முடிந்து கிளம்பினான். அவன் அம்மா, எனக்கு மகள் முறை, பாசத்தில் குடும்பக் குழுவில் படம் போட்டாள். சீருடையில் பிள்ளை, கையில் பெட்டி, கூடவே ரயில் டிக்கெட்டின் படம். கீழே அவன் எந்தப் பிரிவு, எந்த ஊருக்கு மாற்றலாகிப் போகிறான், கூட எத்தனை பேர் போகிறார்கள், எப்போது போய்ச் சேருவான் என்று நாலு வரி. அதையே ஸ்டேட்டஸிலும் வைத்துவிட்டாள். நான் போன் செய்து, "எடுத்துடும்மா" என்றேன். அவளுக்கு வருத்தம். "என்ன மாமா, என் பிள்ளை என்ன ஜெனரலா? ஊருக்கே தெரிஞ்சதுதானே, இதுல என்ன ரகசியம் இருக்கு?" என்றாள். எடுத்துவிட்டாள், ஆனால் முகம் வாடிவிட்டது குரலிலேயே தெரிந்தது.

அம்மா, அன்று போனில் முழுதாகச் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்.

உன் பிள்ளை ஜெனரல் இல்லை, உண்மைதான். பொக்ரானில் புல்டோசரைப் பழைய இடத்தில் நிறுத்திய சிப்பாயும் ஜெனரல் இல்லை. உன் ஒரு பதிவில் பெரிய ரகசியம் எதுவும் இல்லைதான். ஆனால் அதே பிரிவில் இருக்கும் இன்னும் இருபது பிள்ளைகளின் அம்மாக்களும் அதே வாரத்தில் அதே மாதிரி பதிவு போட்டால்? கேரளத்தில் ஒருத்தி, பஞ்சாபில் ஒருத்தி, இங்கே நீ. எங்கோ உட்கார்ந்து இதையே தொழிலாகப் பார்க்கிறவன் ஒரு பிரிவு எங்கிருந்து எங்கே எப்போது நகர்கிறது என்பதைக் கூட்டிக்கொள்வான். ஒவ்வொரு செங்கல்லும் சின்னதுதான், சேர்த்து அடுக்கினால் சுவர்.

இது என் கற்பனை பயம் இல்லை. ஓடுகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பயன்படுத்தும் ஸ்ட்ராவா என்ற ஆப் 2017 நவம்பரில் உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் எங்கெல்லாம் ஓடினார்கள் என்பதை வெளிச்சக் கோடுகளாகக் காட்டும் படம். யார் பெயரும் அதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவர் கவனித்தார். ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களின் இருட்டான பாலைவனத்தில் சில இடங்கள் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. அங்கே இருந்த ராணுவ முகாம்களில் வீரர்கள் காலையில் ஓடிய தடம்! முகாமின் எல்லையும் உள்ளே இருக்கும் பாதையும் அவர்கள் கால்களாலேயே வரைந்த படமாக வெளியே வந்துவிட்டது. உடம்பை நன்றாக வைத்துக்கொள்ள ஓடினார்கள், வேறொரு தவறும் செய்யவில்லை. அந்த வருடம் ஆகஸ்டில், களத்தில் இருக்கும் வீரர்கள் இருப்பிடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று பென்டகன் உத்தரவு போட்டது. நம் ராணுவமும் 2020 ஜூலையில் ஃபேஸ்புக் உட்பட 89 ஆப்களைப் போனிலிருந்து நீக்கச் சொன்னது. உன் பிள்ளை போனில் கட்டுப்பாடு இருக்கிறது. உன் போனில் யார் கட்டுப்பாடு வைப்பார்கள்? நீதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, "சார், அப்போ அரசாங்கம் எதை மறைச்சாலும் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?" என்று சிலர் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், அப்படித்தான் உங்களை வளர்த்திருக்கிறேன்.

பொக்ரானுக்கு மிக அருகில் கேதோலாய் என்று ஒரு கிராமம். சோதனை நடக்கப்போகிறது என்று அந்த மக்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அன்றைக்குத்தான் வீட்டுக்குள் இருக்காதீர்கள், வெளியே வந்து இருங்கள் என்று சொன்னார்கள். வெடித்ததில் வீடுகளில் விரிசல் விட்டது. எங்களுக்கு என்ன ஆகும், கால்நடைக்கு என்ன ஆகும் என்ற அவர்களுடைய கேள்வி அதற்குப் பிறகும் பல வருடம் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. சோதனைக்கு 17 நாள் கழித்து, மே 28 அன்று பாகிஸ்தானும் சோதனை நடத்தியது. நம் மீது பொருளாதாரத் தடைகள் வந்தன. இந்தச் சோதனை தேவையா என்று அன்றும் வாதம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த வாதம் இருக்கத்தான் வேண்டும். நாள், நேரம், இடம், ஆள் எண்ணிக்கை ஆகியவற்றைக் காரியம் முடியும்வரை காப்பாற்றுவது ஒன்று. நடந்துவிட்ட தவறையும் மக்களுக்கு வந்த நஷ்டத்தையும் "ராணுவ ரகசியம்" என்று சொல்லி மூடுவது வேறு. முதலாவது உயிரைக் காப்பாற்றும். இரண்டாவது அதிகாரியின் நாற்காலியை மட்டும்தான் காப்பாற்றும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ராணுவத்தில், கடற்படையில், விமானப்படையில், எல்லைக் காவலில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இந்த வாத்தியாரின் வேண்டுகோள் இவ்வளவுதான்.

போகிறான், வருகிறான் என்பதைப் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்துச் சொல்லுங்கள், முன்னாலேயே சொல்லாதீர்கள். பிரிவின் பெயர், முகாம் இருக்கும் ஊர், டிக்கெட், அடையாள அட்டை எதையும் படம் எடுத்துப் போடாதீர்கள். அவன் அனுப்பும் படத்தில் பின்னால் என்ன தெரிகிறது என்று ஒரு முறை பாருங்கள். வண்டி, கட்டடம், பெயர்ப்பலகை, மலை முகடு தெரிந்தால் அது உங்களோடு இருக்கட்டும். திடீரென்று நட்பு அழைப்பு அனுப்பி, "தம்பி எங்கே டூட்டியில் இருக்கிறார்?" என்று அன்பாக விசாரிக்கும் முகம் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். எல்லையில் பதற்றம் என்று செய்தி வரும் நாட்களில், "இன்னைக்கு எங்க ஊர் வழியா ராணுவ லாரி நிறையப் போச்சு" என்று வீடியோ எடுத்துப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். பிள்ளை பேசாமல் நாலு நாள் இருந்தால், "எங்கே இருக்கே சொல்லு" என்று அவனை நச்சரிக்காதீர்கள். சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறான் என்று புரிந்துகொள்ளுங்கள். பொக்ரானில் இருந்த அந்த விஞ்ஞானிகளின் வீட்டிலும் இப்படித்தான் காத்திருந்திருப்பார்கள்.

பெருமையை எங்கே காட்டுவது என்று கேட்கிறாயாம்மா? அவன் நல்லபடியாக லீவுக்கு வரட்டும். வீட்டில் எல்லோரும் கூடுவோம். அவனை நடுவில் உட்கார வைத்து ஆயிரம் படம் எடுத்துக்கொள். சீருடை இல்லாமல், நம் வீட்டுத் திண்ணையில். அந்தப் படத்தை நீ உலகம் முழுக்க அனுப்பு, முதல் லைக் என்னுடையது.

சீருடையில் இருக்கும் என் மாணவர்கள் இதைப் படித்தால் கமெண்டில் ஒரு வணக்கம் மட்டும் போடுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று எழுத வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாறு வாத்தியார்